செவ்வாய்க்குக் குடிபோவாரை ஒன்று கேட்போம்

"பூமி கெட்டாலென்ன? செவ்வாய் இருக்கின்றது!" என்பது இக்காலத்து விஞ்ஞான மேடைகளிற் கேட்கப்படும் புதிய மந்திரம். திரையிலே ராக்கெட்டு எழுகின்றது; இளைஞர் கைதட்டுகின்றனர்; பிரசங்கியாரும் புன்முறுவலோடு இறங்கிவிடுகின்றார். இவ்வுலகத் துன்பத்துக்கு மறுவுலகத்தைக் காட்டி மக்களின் வாயை அடைத்தவர்களை வன்மையாய்க் கண்டித்தவர் நாம். அம் மறுவுலகமே இன்று எஞ்சினும் எரிபொருளும் பூட்டிக்கொண்டு திரும்பி வந்திருப்பதைக் கண்டும் காணாதாரைப் போல் இருத்தல் தகுமோ?

வான நூலுக்கு நாம் பகைவரல்லேம். 1969 முதல் 1972 வரை பன்னிருவர் சந்திரனில் நடந்தது மனித குலத்துக்கே பெருமை. செவ்வாய்க்குக் கருவிகளை அனுப்புக, கற்களை ஆராய்க, மனிதரே சென்று வரினும் மகிழ்வோம். நாம் மறுப்பது ஒன்றேயாம். ஆராய்ச்சிக்குச் செல்லுதல் வேறு. குடியிருந்த வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு மாற்று வீட்டுக்குச் செல்வோமென்றல் வேறு. அமெரிக்கச் செல்வர் ஈலோன் மஸ்க் 2016-இல், மெக்ஸிகோவின் குவாதலஹாரா நகரிற் கூடிய விண்வெளி மாநாட்டிலே செவ்வாயில் நகரம் சமைக்கும் திட்டத்தை விரித்துரைத்தார். அவர் வணிகர், தம் சரக்கைப் புகழ்வார். ஆனால், விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கப் புகுந்தோரும் அச் சரக்குக்குத் தமுக்கடிப்பதேன்?

அம் மாற்று வீட்டின் இலட்சணத்தைச் சற்றே பார்ப்போம். செவ்வாய் நம்மை மிக அணுகிய காலத்தும் ஐந்தரைக் கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. புறப்படத் தக்க காலம் 26 மாதத்துக்கு ஒருமுறையே வாய்க்கும். அங்குள்ள வாயுமண்டலத்தின் அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. அதிலும் 95 விழுக்காடு கரியமில வாயு. சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 60 பாகையளவு. மண்ணில் பெர்குளோரேட் என்னும் நச்சு உப்பு இருப்பதை 2008-இல் பீனிக்ஸ் என்னும் விண்கலம் கண்டறிந்தது. பூமியின் மிகக் கொடிய பாலைவனமும் இதனோடு ஒப்பிடின் சோலையேயாகும்.

"கண்ணாடிக் கூடாரம் அமைத்து அதனுள்ளே காடு வளர்ப்போம்" என்பார் உளர். அப் பரீட்சையும் முன்னரே நடந்தாயிற்று. அதனைப் பிரசங்கியார் சொல்லுவதில்லை, நாம் சொல்லுவோம். அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்தில் 'பயோஸ்பியர் 2' என்றொரு மாபெருங் கண்ணாடி மாளிகை எழுப்பினர். பரப்பு மூன்று ஏக்கருக்குச் சற்று மேல். உள்ளே சிறு மழைக்காடு, சதுப்பு நிலம், செயற்கைக் கடல், வயல் யாவும் இருந்தன. 1991 செப்டம்பர் 26-இல் ஆடவர் நால்வரும் பெண்டிர் நால்வரும் உட்புகுந்து இரண்டாண்டு தங்கினர். விளைவு யாது? காற்றில் இயல்பாக இருக்க வேண்டிய 21 விழுக்காட்டுப் பிராணவாயு மெல்ல மெல்லக் குறைந்து 14½ விழுக்காட்டளவுக்கு இறங்கியது. நாலாயிரம் மீட்டர் உயர மலையில் வாழ்வாரைப் போல் அவ்வெண்மரும் மூச்சிரைத்தனர். காரணம் புலப்படாது அறிஞர் திகைத்தனர். வளமூட்டிப் பரப்பிய மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் பிராணவாயுவை உண்டு கரியமில வாயுவை வெளியிட்டிருக்கின்றன; அவ்வாயுவைச் சுவரின் சிமெண்டு உறிஞ்சிக்கொண்டமையால் செடிகள் அதனைப் பிராணவாயுவாக மாற்றித் தர இயலவில்லை! 1993 தொடக்கத்தில் வெளியிலிருந்து பிராணவாயுவை ஏற்ற வேண்டியதாயிற்று. மகரந்தம் சுமக்கும் பூச்சிகள் மடிந்தன. எறும்பும் கரப்பானும் மட்டும் தழைத்தன.

கவனிக்க: இது நடந்தது பூமியின் மேல். கதவைத் திறந்தால் நல்ல காற்று. தொலைபேசியில் அழைத்தால் மருத்துவர். எட்டுப் பேருக்கு இரண்டாண்டு மூச்சுக் கொடுக்கத் தடுமாறிய நாம் செவ்வாயில் நகரம் சமைப்போமாம்! அவ்வறிஞரைப் பழித்தற்கு இதனைக் கூறினோமல்லேம். ஒரு பிடி மண்ணும் ஒரு முழம் சுவரும் காற்றோடு எத்துணை நுட்பமாய்ப் பிணைந்துள்ளன என்பதை அவர்தம் தோல்வியே நமக்குக் கற்பித்தது.

பிரசங்கியார் செவ்வாயைக் காட்டுகின்றாரே, அண்டையிலுள்ள வெள்ளியை ஏன் காட்டுவதில்லை? வெள்ளி பருமனில் பூமிக்குத் தங்கை போன்றது. ஆயினும் அதன் தரையில் வெப்பம் 460 பாகைக்கு மேல், ஈயமும் உருகும். 1982-இல் அங்கிறங்கிய சோவியத் கலமாகிய வெனேரா 13 இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே உயிர்த்திருந்தது. சூரியனுக்கு அணித்தாயிருப்பதால் அவ்வெப்பம் என்பீரேல், இன்னும் அணித்தாயுள்ள புதன் அத்துணை கொதிக்கவில்லையே! வெள்ளியைப் போர்த்தியுள்ள கரியமில வாயுவே காரணம். அவ் வெள்ளியின் மேகங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஹான்ஸன் என்னும் அறிஞர்தாம் பின்னர்த் தம் பார்வையைப் பூமியின் மேல் திருப்பி, 1988-இல் அமெரிக்க மேற்சபைக் குழுவின் முன் நின்று, பூமி சூடேறிவிட்டது என்று சாட்சி பகர்ந்தார். ஹவாய்த் தீவின் மலைமேல் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறக்குறைய 315 பங்காயிருந்த கரியமில வாயு, 2024-இல் 420-ஐக் கடந்து நின்றது. வானை ஆராய்ந்ததன் பயன் இவ்வெச்சரிக்கை. வானைப் பேசுவோர் இதனை மட்டும் விழுங்கிவிடுவதை என்னென்பது?

"விஞ்ஞான மேடையில் அரசியல் கூடாது" என்பது அவர் தரும் விடை. கார்ல் சேகனைத் தம் குருவென்று சொல்லிக்கொள்ளாத பிரசங்கியார் அரியர். அச் சேகனே 1985-இல் அந்நாட்டுச் சட்டசபையார் முன் சென்று, இக் கரியமில வாயுவின் கேட்டை விளக்கி, நாடுகள் ஒன்றுகூடி வழி காண வேண்டுமென்று வாதாடியவர். சீடர்க்கு மட்டும் வாய் கட்டியதேன்?

நம் நாட்டுக்கு வருவோம். 2015-இல் இந்தோனேசியாவில் 26 இலட்சம் எக்டேர் நிலம் எரிந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்காது நீரில் ஊறிக் கிடந்த கரிச்சதுப்பை, செம்பனைக்கும் காகித மரத்துக்குமாகக் கால்வாய் வெட்டி வடித்தனர். உலர்ந்த மண்ணே விறகாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 25-இல் சிங்கப்பூரில் பள்ளிகள் மூடப்பட்டன. மலேசியப் பிள்ளைகளும் புகைமூட்டத்தால் வீட்டிலடைந்தனர். நெருப்பு எங்கெங்கு எரிகின்றதென்று வானிலிருந்து காட்டியவை செயற்கைக் கோள்களேயாம். விண்வெளிப் பெருமை பேச வேண்டுமாயின் இதனினும் அணித்தான கதை வேறுண்டோ?

பசுமை வாழ்வு என்னும் தலைப்பிலும் பேசுகின்றனர், இல்லையென்னோம். துணிப்பை கொண்டுசெல்க, நெகிழிக் குழலை விடுக என்பர். நல்லதே, செய்க. ஆனால் அவ்வுபதேசம் நடைபெறும் மண்டபத்திலோ குளிரால் முதியோர் சால்வை தேடுகின்றனர்! சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறுவது. மலேசியாவிலோ நிலக்கரிக்கும் பெரும்பங்குண்டு. எது மலை, எது மடு என்று அளந்து காட்டுவதே விஞ்ஞானியின் தொழில். பெருந்தொழிற்சாலைகள் வெளிவிடும் கரிக்கு டன்னுக்கு 5 வெள்ளியென 2019-இல் சிங்கப்பூர் விதித்த வரி, 2024-இல் 25 வெள்ளியாயிற்று. அது போதுமா, மிகையா, அதன் சுமை யார் தலையில் விழும் என்று விளக்கிய தமிழ் மேடை எத்தனை? துணிப்பைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியோர் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாகாதா?

2023 மே 13-இல் ஆங் மோ கியோவில் வெப்பம் 37 பாகையை எட்டி, 1983-இன் உச்சத்தைத் தொட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அரசாங்கம் ஒரு விதி செய்தது: வெயிலையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணிக்கும் அளவு 33 பாகைக்கு ஏறினால், வெளியிற் கடின வேலை செய்வோர்க்கு மணிதோறும் ஓய்வு தரல் வேண்டும். அவ்வேலை செய்வோருள் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பலர். நிழற்காட்டி இல்லாமலே வெப்பத்தை அறிந்தவர் அவர். ஆயினும் அந்த 33 எதைக் குறிக்கும், ஒரே வெப்பநிலை உலர்ந்த ஊரில் தாங்கத்தக்கதாயும் ஈரமிக்க இவ்வூரில் உயிருக்குலையாயும் இருப்பதேன், வியர்வை உலராவிடின் உடலுக்கு நேர்வது யாது என்பவற்றை அவர்தம் மொழியில் எடுத்துச் சொல்வார் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சங்கத்தார் கூட்டம் ஏற்பாடு செய்வாராயின் இப்பொருளைத் தருக. அவர்கள் வருவர். செவ்வாய்க்குப் பயணச்சீட்டு அவர்களில் எவரும் கேட்டிலர்.