ஆராய்ச்சி மாணவரும் லைப்ரேரியனும்

லைப்ரேரியன் என்றால் சாவிக்கொத்தும் அபராத நோட்டும் வைத்திருப்பவர் என்ற எண்ணம் நம் கலாசாலைகளில் வேரூன்றிவிட்டது. இதனால் பெருநஷ்டமடைபவன் ஆராய்ச்சி மாணவன். அதிலும் தூரத்துச் சீமையிலிருந்து வருபவன்.

மண்டபம் பக்கத்து இளைஞனொருவன் மன்னார் வளைகுடாவின் சங்கு, முத்துக் குளிப்பின் சரித்திரத்தை ஆராயப் புகுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தர்ஸ்டன் துரை 1890-லும் ஹார்னெல் துரை 1914-லும் இவை பற்றி எழுதிய நூல்கள் இருக்கின்றன. சேதுபதிகளின் செப்பேடுகள் சில 1886-லேயே அச்சேறின. டச்சுக்காரர் காலத்துத் தஸ்தாவேஜுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உறங்குகின்றன. 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளை இன்று இணையத்தில் காசின்றியே படிக்கலாம். அவ்வளவும் அவன் வீட்டு வாசற்கடலைப் பற்றியவை. எது எங்கே இருக்கிறதென்று அவனுக்கு யார் சொல்வது? ஆசிரியர் தம் துறையை அறிவார். அட்டவணைகளின் மர்மம் அறிந்தவர் லைப்ரேரியனே. அவர் ஒரு மணி நேரம் உடனிருந்தால் மாணவனுக்கு ஆறு மாதம் மிச்சம்.

இது புதுக்கொள்கையன்று. 1924-ல் சென்னை சர்வகலாசாலையின் லைப்ரேரியனாகிய சீர்காழி ரங்கநாதன், வாசகனுடைய காலத்தை மிச்சப்படுத்துவதை 1931-ல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளுள் ஒன்றாக வைத்தார். உலகம் அதைக் கற்றுக்கொண்டது. நாம் அவர் படத்துக்கு மாலையிடுகிறோம்!

பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்த கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா செட்டியார் ஏறக்குறைய லட்சம் நூல்களும் பத்திரிகைகளும் துண்டுப் பிரசுரங்களும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பின் அவற்றை விலைகொடுத்து வாங்கியது சிக்காகோ சர்வகலாசாலை. அவை கப்பலேறாமல் 1994-ல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமானது நம் பாக்கியம். அருமையை நாமன்றோ முதலில் அறிந்திருக்க வேண்டும்?

இப்போது பணமில்லை என்ற சாக்கும் செல்லாது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 13,000 சஞ்சிகைகளைச் சர்க்கார் கல்வி ஸ்தாபனங்களுக்குத் திறந்துவிடும் திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. முன்னோர் செய்த ஆராய்ச்சி நூல்களை 'ஷோத்கங்கா' களஞ்சியத்தில் காணலாம். வழிகாட்டுவாரின்றேல் கடல் நடுவே தாகம்தான்.

ஆகவே காரைக்குடி அழகப்பா சர்வகலாசாலையாரை நாம் கேட்பது இதுவே: புதிதாகச் சேரும் ஒவ்வொரு ஆராய்ச்சி மாணவருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு லைப்ரேரியனைத் துணையாக நியமியுங்கள். சேதுக்கரை பற்றிய மூலங்கள் எங்கெங்கே உள்ளன என்று தமிழில் ஓர் அட்டவணை வெளியிடுங்கள். தொண்டியிலுள்ள தங்கள் கடலியல் துறையிலேயே இவ்வேலையைத் தொடங்கலாம்.