லேயர்ஸ் ஒஃப் ஃபியர்: சாக முடியாத விளையாட்டில் என்ன பயம்?



கிறிஸ்மஸ் விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு எல்லோரும் படுத்த பிறகு, நானும் சித்தியின் மகனும் விளக்கை அணைத்துவிட்டு ‘லேயர்ஸ் ஒஃப் ஃபியர்’ விளையாடினோம். அவனுக்குப் பதினேழு வயது. ஒரு மணி நேரத்தில் அவன் சொன்னான்: “அண்ணா, இதில சாகவே ஏலாது. பிறகு என்னத்துக்குப் பயப்பிட வேணும்?”

நல்ல கேள்வி. இந்தப் பதிவே அதற்கான பதில்தான். (கதையின் முடிவையும் சொல்லப்போகிறேன். விளையாடாதவர்கள் விளையாடிவிட்டு வாருங்கள்.)

போலந்தின் கிராக்கோவ் நகரத்து புளூபர் டீம் 2016 பெப்ரவரியில் வெளியிட்ட கேம் இது. நீங்கள் ஒரு ஓவியர். பழைய மாளிகை ஒன்றில் தனியாக இருந்துகொண்டு உங்கள் தலைசிறந்த ஓவியத்தை முடிக்கவேண்டும். துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது. நடப்பது, இழுப்பறைகளைத் திறப்பது, கடிதங்களை வாசிப்பது, அவ்வளவுதான்.

இதன் உண்மையான வித்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. ஒரு அறைக்குள் போகிறீர்கள், சுவரைப் பார்க்கிறீர்கள், திரும்புகிறீர்கள். வந்த கதவைக் காணவில்லை! நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் இதை ரசித்தேன். கமெரா பார்க்காத பக்கத்தில் எதை மாற்றினாலும் விளையாடுபவருக்குத் தெரியாது. அந்தச் சின்ன உண்மையை வைத்தே ஒரு வீட்டைப் பைத்தியமாக்கிவிட்டார்கள். 2014இல் வந்த ‘பி.டி.’யின் முடிவில்லாத தாழ்வாரத்தை நினைவுபடுத்தினாலும், இங்கே அது மாளிகை முழுவதும் பரவுகிறது. கதவை மவுஸால் பிடித்து மெதுவாக இழுத்துத்தான் திறக்கவேண்டும். அந்த இரண்டு விநாடியில்தான் நெஞ்சு அடிக்கும்.

ஆனால் புளூபருக்குத் தன் வித்தையில் நம்பிக்கை இல்லை. அமைதியாகப் பயம் ஏறிக்கொண்டிருக்கும்போது, படம் விழும், பொம்மை ஓடும், முகம் ஒன்று கத்தும். முதல் தடவை துள்ளினோம். பத்தாவது தடவை தம்பி சிப்ஸ் பக்கெற்றைப் பிரித்தான். மனைவியின் பேய் பிடித்தால் திரை கறுக்கும், வேறிடத்தில் எழும்பி நடையைத் தொடர்வீர்கள். இழக்க எதுவுமில்லை என்று மூளை கண்டுபிடித்துவிட்டால் மாளிகை வெறும் பேய் வீட்டுச் சவாரிதான்.

உண்மையில் இழப்பு இருக்கிறது. நீங்கள் எதைத் தேடி எடுத்தீர்கள், பேயிடம் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். மூன்று முடிவுகள். ஒன்றில் ஓவியர் புகழ் பெறுகிறார், ஒன்றில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார், ஒன்றில் தன் ஓவியங்களோடு தானும் எரிகிறார். இப்படிக் கணக்கு வைக்கப்படுவதைக் கேம் எங்கேயும் உணர்த்துவதில்லை. அதுதான் என் பெரிய குறை.

இன்னொன்று என்னை உறுத்தியது. மனைவி ஒரு இசைக் கலைஞர். தீ விபத்தில் உடல் எரிந்து, வலியோடு வாழ்ந்து இறந்தவர். அவரைக் கேம் காட்டுவதோ நம்மைத் துரத்தும் கோர உருவமாக. ஓவியரின் மனநோயும் அப்படியே, பயமுறுத்த ஒரு கருவி. நம் வீடுகளிலும் மனம் உடைந்தவர்களுக்கு “லூசு” என்று பெயர் வைத்துவிட்டுக் கதைக்காமல் விடுகிறோம்தானே? அதே பழக்கத்தைத்தான் இங்கும் பார்த்தேன்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘இன்ஹெரிட்டன்ஸ்’ என்ற கூடுதல் பகுதி இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. அதில் நீங்கள் ஓவியரின் மகள். வளர்ந்தபின் அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறீர்கள். நினைவுகளுக்குள் போகும்போது பார்வை சிறுபிள்ளையின் உயரத்துக்கு இறங்குகிறது. மேசைகள் மலைபோல் நிற்கின்றன. பிள்ளை கீறிய படம் அப்பாவுக்குப் போதவில்லை. அங்கே பேய் தேவைப்படவில்லை. அப்பாவின் குரலே போதும்.

மாஸ்டர்ஸ் கடைசி வருடத்தில் ஆய்வறிக்கையைத் திருத்தித் திருத்தி எழுதினேன். அம்மா ஃபோன் எடுப்பா, “பிஸி அம்மா” என்று வைத்துவிடுவேன். சில நாள் எடுக்கவே இல்லை. நல்ல புள்ளி கிடைத்தது. அந்த மாதங்களில் அம்மா என்ன சொல்ல எடுத்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், “ஒண்டுமில்லை அப்பன், சும்மா எடுத்தனான்” என்பா.

சாக ஏலாது என்ற தம்பிக்கு என் பதில் இதுதான்: ஓவியர் சாவதைப் பற்றிய கேம் இல்லை இது. அவர் தூரிகையைக் கீழே வைக்காததால் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றியது. கத்தும் முகங்களைக் குறைத்து அதை மட்டும் சொல்லியிருந்தால் மிகச் சிறந்த கேமாக வந்திருக்கும். இப்போதைக்கு, குறையுள்ள நல்ல கேம். முதன்மைக் கதையோடு நிறுத்தாமல் ‘இன்ஹெரிட்டன்ஸ்’ பகுதியையும் கட்டாயம் விளையாடுங்கள். பரீட்சைக் காலமாக இருந்தால், முதலில் வீட்டுக்கு ஒரு ஃபோன் எடுத்துவிட்டு.