மேஜைக்கு அடியில் முளைத்த நட்பு

கிளப் என்றதும் நமக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது? ஓ.டி. கிடைக்குமா, சர்டிபிகேட் தருவார்களா, ரெஸ்யூமேயில் போடலாமா, இந்த மூன்றும்தானே! ஃபர்ஸ்ட் இயர் முடிவதற்குள் ஆறு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்துவிடுகிறோம். ஃபைனல் இயர் வரும்போது, அந்த ஆறு குரூப்பிலும் சேர்த்து, ராத்திரி பதினோரு மணிக்கு "டேய், டீ குடிக்க வர்றியா?" என்று கூப்பிட ஒரு ஆளாவது இருக்கிறாரா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், நாலு வருஷத்தில் ஒரு கிளப்பிலாவது 'எதுக்கும் உதவாத' வேலைக்காகச் சேர வேண்டும். சும்மா சொல்லவில்லை, இதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் மாணவர்கள் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். பெயர், டெக் மாடல் ரயில்ரோடு கிளப். வேலை என்ன தெரியுமா? பொம்மை ரயில் விடுவது! நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவுக்கு வண்டி, தண்டவாளம், ஊர், மலை எல்லாம் செய்து ஓட்டுவது. இதற்கு கிரெடிட்டும் இல்லை, மார்க்கும் இல்லை.

அவர்கள் இருந்த இடமும் பெரிய மாளிகை இல்லை. 'பில்டிங் 20' என்பது இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1943-ல், ரேடார் ஆராய்ச்சிக்காக அவசர அவசரமாகக் கட்டிய மரக் கட்டிடம். போர் முடிந்ததும் இடித்துவிடுவதாகத்தான் பேச்சு. ஆனால் 1998 வரைக்கும் நின்றது.

கிளப்பில் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி மேஜைக்கு மேலே பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கும், மரம் நடும், வீடு கட்டும். இன்னொரு கோஷ்டிக்கு 'சிக்னல்ஸ் அண்ட் பவர்' என்று பெயர். இவர்கள் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு வயரிங் பார்ப்பார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற மாதிரி ரிலேக்களை வைத்து, போன் டயலைச் சுற்றினால் எந்தத் தண்டவாளம் யார் கட்டுப்பாட்டில் என்று மாறுகிற சிஸ்டத்தையே செய்துவிட்டார்கள். புதுசாக வருகிற ஜூனியர் 40 மணி நேரம் வேலை செய்தால் அவன் கையில் ரூம் சாவி. இன்டர்வியூ கிடையாது, கோஆர்டினேட்டர் பதவிக்கு அடிதடி கிடையாது. சேர்ந்து உழைத்தாயா, நீயும் நம்ம ஆள். அவ்வளவுதான்.

நெருங்கிய நண்பர்கள் கூட்டத்துக்குத் தனி பாஷை ஒன்று உருவாகும் இல்லையா? நம்ம ஹாஸ்டல் விங்குக்கு இருப்பது போலத்தான். அவர்களுடைய பாஷையை பீட்டர் சாம்சன் என்ற மாணவர் 1959-ல் அகராதியாகவே போட்டுவிட்டார். இன்று நாம் ஹேக்கத்தான் என்று போஸ்டர் ஒட்டுகிறோமே, அந்த 'ஹேக்' அதில் இருக்கிறது. ப்ரோக்ராமிங் உதாரணங்களில் வருகிற 'ஃபூ'வும் இருக்கிறது.

அப்புறம் எம்.ஐ.டி.க்கு டி.எக்ஸ்-0, பி.டி.பி-1 என்ற கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றையே சுற்றிச் சுற்றி வந்தவர்களில் இந்த ரயில் பையன்கள் முக்கியமானவர்கள். 1962-ல் ஸ்டீவ் ரஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டைச் செய்தார்கள். கம்ப்யூட்டரின் சுவிட்சுகளைத் தட்டித் தட்டி முழங்கை வலித்தது. உடனே ஆலன் கோட்டாக்கும் பாப் சாண்டர்ஸும் ரயில் கிளப்புக்குப் போய், அங்கே கிடந்த மரத்துண்டு, வயர், சுவிட்ச் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து கையில் பிடித்து ஆட கன்ட்ரோல் பெட்டி செய்தார்கள். கேம் கன்ட்ரோலரின் மூதாதை அதுதான் பாஸ்!

"பார்த்தாயா, கடைசியில் அதுவும் கேரியருக்குத்தானே உதவியது" என்று நீங்கள் மடக்கலாம். கோட்டாக் பிறகு பெரிய கம்ப்யூட்டர் டிசைனர் ஆனது உண்மைதான். ஆனால் கேரியருக்காக யாரும் மேஜைக்கு அடியில் படுக்கவில்லை. பக்கத்தில் ஒருத்தன் டார்ச் பிடித்துக்கொண்டு கதை பேசினான், அதனால் படுத்தார்கள். திறமை அங்கே தானாக வந்தது. நாம்தான் சர்டிபிகேட்டை முதலில் வைத்து, நட்பைக் கடைசியில் தேடுகிறோம்.

அந்த நட்பு எவ்வளவு தூரம் வரும்? கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் ஒரு பழைய பி.டி.பி-1-ஐ மறுபடி ஓடவைக்க முயன்றது. அந்த டீமில் நரைத்த தலையோடு உட்கார்ந்தவர்களில் சாம்சனும் ரஸலும் இருந்தார்கள். 2006-ல் அதை மக்கள் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள். நாற்பது வருஷத்துக்கும் மேலே! நமக்கு நாலு வருஷ நண்பன் போன் நம்பர் மாற்றினால்கூடத் தெரிவதில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். கல்லூரி நிர்வாகத்திடம் ஆடிட்டோரியம் கேட்பதை விட, ஒரு பழைய ரூமும் சாவியும் கேளுங்கள். இரண்டு நாள் சிம்போசியத்தோடு முடியாத, எப்போதும் பாதியிலேயே நிற்கிற ஒரு வேலையைக் கையில் எடுங்கள். ரயிலோ, ரேடியோவோ, பழைய பைக் இன்ஜினோ, எதுவாக இருந்தாலும் சரி. சீனியர்களே, ஜூனியர் வந்தால் பெயர், பிரிவு எல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் டார்ச்சை அவன் கையில் கொடுங்கள்.