"சாப்பிட்டீங்களா மகன்?"



அஸ்ஹரில் ஓதப்போன மகனிடம் தொலைபேசியில் நீங்கள் முதலில் கேட்பது, "சாப்பிட்டீங்களா மகன்?" என்றுதான். அவனும் "ஓம் உம்மா" என்பான். என் உம்மாவிடம் நானும் அப்படித்தான் பொய் சொன்னேன்.

ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதியவன் நான். கெய்ரோக் கடையில் இலக்கண சுத்தமாக "குப்ஸ்" கேட்டேன், நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ரொட்டியை அங்கே "ஐஷ்" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்றும் பொருள். வெட்கத்தில் மூன்று நாள் அறைக்குள்ளேயே பிஸ்கட்டும் தண்ணீரும். நாலாம் நாள் பக்கத்து அறை இந்தோனேசிய மாணவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், அதே கடையில் என்னையே கேட்க வைத்தார்.

ஆகவே, சாப்பாட்டை விசாரிக்காதீர்கள். "எந்தக் கடைக்குப் போனீங்க? என்ன சொல்லிக் கேட்டீங்க?" என்று கேளுங்கள், பிள்ளை உண்மையைச் சொல்லிவிடுவான். ஜனவரி இரவுகளில் அங்கே 10 பாகைக்கும் கீழே குளிரும், அச்சாறுப் போத்தலோடு கம்பளியும் வையுங்கள். மகளை அனுப்புகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: அங்குள்ள மெட்ரோ ரயிலில் பெண்களுக்குத் தனிப்பெட்டி உண்டு.

இன்னொன்று: குளிர்காலத்தில் கெய்ரோ நமக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால். சுபஹ் தொழுத கையோடு அழைத்தால், அங்கே சாமம் இரண்டு மணி.