முயல் சாட்சி

காற்றுக் காலம் வந்துவிட்டால் கோலார் தங்கவயலில் சன்னல்களைச் சாத்தித்தான் வைக்க வேண்டும். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய மண் நூறு வருஷத்துக்கு மேலாகக் கொட்டப்பட்டு, ஊரைச் சுற்றிலும் மலை மலையாகக் கிடக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது சயனைடு மலை. மொத்தம் மூன்று கோடி டன்னுக்கு மேல் தேறும். அதிலிருந்து கிளம்பும் தூசி சோற்றுத் தட்டு வரை வரும். ஆனாலும் இந்த ஊரில் அதிகம் பேரைப் பலிவாங்கிய தூசி பூமிக்கு உள்ளே இருந்தது.

தங்கவயலில் தங்கம் ஓடியது குவார்ட்ஸ் பாறை இழைகளில். பாறையைத் துளைத்து வெடி வைக்கும்போது சிலிக்கா தூசி எழும். அதில் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் பிடித்து வெளியே தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாதவைதான் நுரையீரலின் கடைசி அறை வரை போய்த் தங்கிவிடுகின்றன. அவற்றை விழுங்கி அழிக்க வரும் உடலின் காவல் செல்கள் தாமே செத்து விழ, அந்த இடங்களில் தழும்பு ஏறிக்கொண்டே போகும். நாளடைவில் மாடிப்படி ஏறவும் மூச்சு போதாது. சிலிக்கோசிஸ் என்று இதற்குப் பெயர். குணப்படுத்த மருந்து கிடையாது. பின்னாலேயே காசநோயும் வந்து சேர்ந்துகொள்ளும்.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பெரிய அளவில் கணக்கெடுக்கப்பட்டது தங்கவயலில்தான். 1940களில் சுரங்க மருத்துவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 40 பேருக்கு மேல் நோய் இருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைக்க வந்த, பெரும்பாலும் தலித்துகளான தமிழ்க் குடும்பங்களின் ஆண்கள் இவர்கள். பாறைத் தூசி ஆளைக் கொல்லும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எந்தச் சோதனைக்கூடத்திலும் கிடைத்திருக்காது.

தடுக்கும் வழியும் அப்போதே தெரிந்ததுதான். துளைக்கும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால் தூசி எழாது. நல்ல காற்றோட்டம் இருந்தால் எழுந்த தூசியும் தங்காது. அமெரிக்காவில் தண்ணீர் பாயும் துளைக்கருவி 1890களிலேயே வந்துவிட்டது. தண்ணீர் இல்லாத பழைய கருவிக்கு அங்கே தொழிலாளர்கள் வைத்திருந்த பட்டப்பெயருக்கு ‘விதவை ஆக்கி’ என்று அர்த்தம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஆட்கள் இளவயதிலேயே சாவதைப் பற்றி விசாரிக்க 1902ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதுவும் தூசியை அடக்குவதைப் பற்றித்தான் பேசியது.

நோய் தெரியும், காரணம் தெரியும், தடுப்பும் தெரியும். பிறகு எதற்கு முயல்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் தங்கச் சுரங்கங்கள் உண்டு. அங்கே மக்கின்டயர் சுரங்கத்தைச் சேர்ந்த டென்னி, ராப்சன் என்ற இருவரும், டொராண்டோ பாண்டிங் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இர்வினும் 1937ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முயல்களை அடைத்து குவார்ட்ஸ் தூசியைச் சுவாசிக்க வைத்தார்கள். சிலவற்றுக்கு வெறும் குவார்ட்ஸ். சிலவற்றுக்கு அதோடு சிறிதளவு அலுமினியத் தூளும் சேர்த்து. மாதக்கணக்கில் இது நடந்தது. அப்புறம் முயல்களைக் கொன்று நுரையீரலை அறுத்துப் பார்த்தார்கள். வெறும் தூசி சுவாசித்தவற்றின் நுரையீரலில் தழும்பு இருந்தது. அலுமினியமும் சேர்த்துச் சுவாசித்தவை தப்பித்தன.

சுரங்க முதலாளிகளின் காதில் தேன் பாய்ந்தது போல இருந்திருக்கும். காற்றோட்டத்துக்குச் செலவழிப்பதை விட டப்பாவில் அடைத்த தூள் மலிவு. 1943 முதல் ஒன்டாரியோ சுரங்கங்களில் அது நடைமுறைக்கு வந்தது. ஷிஃப்டுக்கு முன் உடை மாற்றும் அறையில் தொழிலாளர்களை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, கறுப்பு நிற அலுமினியத் தூளைக் காற்றில் ஊதுவார்கள். ஆழமாக மூச்சிழுக்கச் சொல்வார்கள். நுரையீரலுக்குக் காப்பு என்று விளக்கம். வேலை வேண்டுமென்றால் தூளையும் சுவாசித்தாக வேண்டும். பத்தாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் இப்படிச் சுவாசித்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கால்கூர்லி தங்கச் சுரங்கங்கள் வரை இந்தத் தூள் போயிற்று.

1956ல் பிரிட்டனில் பீங்கான் தொழிலாளர்களையும் நிலக்கரித் தொழிலாளர்களையும் வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. அலுமினியத் தூளால் பலன் எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் ஒன்டாரியோவில் தூள் ஊதுவது 1979 வரை நிற்கவில்லை. பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்ட ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள்தான், தன் தந்தையைப் போலவே தூளைச் சுவாசித்த மற்றவர்களின் விவரங்களைத் திரட்டத் தொடங்கினார். 2020ல் வெளியான ஆய்வு, அந்தத் தொழிலாளர்களிடையே பார்க்கின்சன் நோய் அதிகம் என்று காட்டியது. 2022ல் ஒன்டாரியோ அரசு அதை அவர்களுடைய தொழில் நோயாக ஏற்றுக்கொண்டது. முதல் தூள் ஊதப்பட்டு அதற்குள் 79 வருஷங்கள் ஓடிவிட்டன.

மிருகங்கள் மீது நடத்தும் சோதனையை எதிர்ப்பவர்களிடம் வழக்கமாக ஒரு கேள்வி வீசப்படும்: ‘உங்கள் குழந்தை பிழைக்க வேண்டுமா, எலி பிழைக்க வேண்டுமா?’ வாயடைக்க வைக்கும் கேள்விதான். ஆனால் மக்கின்டயர் முயல்களின் முன்னால் அந்தக் கேள்வி இல்லவே இல்லை. தட்டின் ஒரு பக்கம் முயல் இருந்தது. மறு பக்கம் இருந்தது காற்றோட்டத்துக்கு ஆகும் செலவு. முயலின் நுரையீரலில் சரியாகத் தெரிந்தது மனித மூளைக்கு என்ன செய்யும் என்பதை அந்த முயல் சொல்லியிருக்கவும் முடியாது. கேட்டவர்களுக்கும் அதில் அக்கறை இருக்கவில்லை. வேண்டிய சாட்சியம் கிடைத்துவிட்டது.

முயலும் தொழிலாளியும் ஒரே அறையில் அடைபட்டவர்கள் என்றுகூடச் சொல்லலாம். என்ன, தொழிலாளி சில சமயம் எதிர்த்து நிற்பான். கைரேகை எடுத்துப் பதிவு செய்வதை எதிர்த்து 1930ல் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்றவாளிக்குத்தான் கைரேகை, எங்களுக்கு எதற்கு என்பது அவர்கள் கோபம். முயலுக்கு அந்த வழியும் கிடையாது. அதனால்தான் அதன் சார்பில் யாராவது கேட்டாக வேண்டியிருக்கிறது.

இந்தியாவிலும் இந்த ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 1965ல் லக்னோவில் தொழில் நச்சு ஆராய்ச்சி மையத்தை உருவாக்கிய எஸ்.எச். ஜைதி, விலங்குகளின் நுரையீரலில் தூசியைச் செலுத்தி நோயை வரவழைக்கும் சோதனைகளைப் பற்றி 1969ல் ஒரு புத்தகமே எழுதினார். விஞ்ஞான உலகம் மதித்த புத்தகம். தூசி எப்படித் தழும்பாகிறது என்பது நுணுக்கமாகப் புரிந்தது. ஆனால் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் ஸ்லேட் பென்சில் அறுத்த இளைஞர்கள் அதற்குப் பின்னும் இதே நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது அறுக்கும் கருவியோடு தூசி உறிஞ்சும் குழாய். அதைப் பொருத்தச் சொல்ல எந்த எலியின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

எல்லாச் சோதனையும் வீண் என்று சொன்னால் அது பொய். இன்சுலின் 1921ல் டொராண்டோவில் நாய்கள் மீது நடந்த சோதனையிலிருந்து வந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர் பாண்டிங். அவர் பெயரைத் தாங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்துதான் அலுமினியத் தூளும் வந்தது என்பது விநோதம். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவரிடம் போய் அந்த நாய்களுக்காக வருத்தப்படச் சொல்வது எளிதல்ல. அப்போது அந்த அறிவைப் பெற வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த நாய்களின் பெயரைச் சொல்லி, பின்னால் வந்த ஒவ்வொரு முயலுக்கும் எலிக்கும் நியாயம் கற்பிக்க முடியாது. ஒவ்வொரு சோதனையும் தன் நியாயத்தைத் தானே காட்டியாக வேண்டும்.

இந்தியச் சட்டம் ஓரளவு அப்படித்தான் சொல்கிறது. நாட்டியத்துக்காக உலகம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் விளைவாக 1960ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. சோதனைகளை அது தடை செய்யவில்லை. தவிர்க்க முடிந்த இடத்தில் தவிர்க்க வேண்டும், புத்தகமோ மாதிரி உருவமோ படமோ போதுமென்றால் உயிரைத் தொடக்கூடாது என்கிறது. 1998ல் வந்த விதிகள், சோதனைக்கூடங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஒவ்வொன்றிலும் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. ஆய்வுக்கூடங்கள் முணுமுணுத்தன. 2014ல் அழகுசாதனப் பொருட்களுக்காக மிருகங்களைச் சோதிப்பது தடை செய்யப்பட்டது. லிப்ஸ்டிக்குக்காக முயலின் கண்ணைப் புண்ணாக்குவதை யாரும் நியாயப்படுத்த முடியாததால் அது சுலபமாக நடந்தது. 2023ல் திருத்தப்பட்ட விதிகள், புது மருந்துகளுக்கு மிருகங்களுக்குப் பதிலாக மனித செல்கள், உறுப்பு போலச் செயல்படும் நுண்சில்லு, கம்ப்யூட்டர் மாதிரி ஆகியவற்றையும் ஏற்கலாம் என்றன.

இத்தனைக்கு நடுவிலும் நெறிமுறைக் குழுவின் மேஜையில் கட்டாயமாக்கப்பட வேண்டிய ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. எத்தனை எலி, என்ன மயக்க மருந்து, கூண்டின் அளவு என்ன என்றெல்லாம் கேட்கிறார்கள். கிடைக்கப்போகும் விடையை வைத்து யார், என்ன செய்யப்போகிறார்கள், விடை இல்லாமலே அதைச் செய்ய முடியாதா என்று கேட்டால் பாதி விண்ணப்பங்கள் திரும்பிப் போகக்கூடும். 1937ல் டொராண்டோவில் இதை யாராவது கேட்டிருந்தால் முயல்களும் தப்பியிருக்கும், பத்தாயிரம் பேரும் தப்பியிருப்பார்கள்.

சுரங்கங்களின் காற்றை ஆராய்ந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.எஸ். ஹால்டேன் வேறு மாதிரி ஆள். விஷ வாயுவைக் காட்டிக்கொடுக்க கனேரிக் குருவியைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் யோசனை அவருடையது. பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை அது நீடித்தது. ஆனால் அவர் குருவியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வாயு நிரம்பிய அறைக்குள் தானே உட்கார்ந்து, தன் மூச்சும் நினைவும் தடுமாறுவதைக் குறித்து வைத்தார். சம்மதம் கொடுக்கக்கூடிய ஒரே பிராணியைத்தான் அவர் முதலில் பயன்படுத்தினார்.

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான குழிகளில் தண்ணீர் நிரம்பிவிட்டது. சிலிக்கோசிஸ் அப்படி மூடிக்கொள்வதில்லை. தூசியை விட்டு விலகி வருஷங்கள் ஆன பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டே போகும். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் லைன் வீடுகளில் இருக்கும் பழைய தொழிலாளி ஒருவருக்கு இப்போது தேவை மார்பு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, ராத்திரி மூச்சு திணறும்போது பக்கத்தில் ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர். சயனைடு மலைகள் மீது புல்லும் மரமும் வளர்த்துத் தூசியை அடக்கினால் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் நல்லது.