சமையல்காரர் இல்லாமல் காசிக்கு

நமது சங்கத்தின் தை மாதக் காசி யாத்திரைச் சுற்றறிக்கை உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். ரயில், தங்குமிடம், கட்டணம் எல்லாம் சாதாரண எழுத்தில் இருக்க, ஒரே ஒரு வரி மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. "மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு. சமையல்காரர் உடன் வருகிறார்." கூட்டத்தில் செயலாளர் இந்த வரியைப் படித்தபோது எழுந்த கைதட்டலைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. விசுவநாதர் தரிசனத்தைப் பற்றிச் சொன்னபோது ஒருவரும் தட்டவில்லை.

நானும் தட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி அதைக் கவனித்துவிட்டு, "ஏண்டி, இத்தனை வருஷமாப் பத்திரிகையில சமையல் எழுதறவ, உனக்கே சாப்பாடு வேண்டாமா?" என்று கேட்டார். "சாப்பாடு வேணும்னுதான் மாமி தட்டலை" என்றேன். மேலே சொல்வதற்குள் தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது. மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சமையல்காரரை அழைத்துப் போக வேண்டாம் என்பது என் கட்சி. வயதானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், விரதம் இருப்பவர்கள் இவர்களுக்கு ரசம் சாதமும் மோர் சாதமும் கட்டாயம் ஏற்பாடு செய்யட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. திடகாத்திரமாக இருக்கும் மற்றவர்கள் எதற்காக ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போய், கங்கைக் கரையில் உட்கார்ந்து முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட வேண்டும்? அதைத்தான் இங்கே வாரா வாரம் சாப்பிடுகிறோமே. "குஜராத்திக்காரர்கள் மகராஜைக் கூட்டிக்கொண்டு போகவில்லையா?" என்று கேட்பீர்கள். போகிறார்கள். அவர்களுக்கும் நஷ்டம்தான்.

இதை நான் உயரத்தில் நின்றுகொண்டு சொல்லவில்லை. இந்த விஷயத்தில் என்னைப் போல் குற்றம் செய்தவர்கள் சங்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

1971-இல் கல்யாணமாகித் தில்லிக்கு வந்தேன். டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இருந்தது. 1951-இல் முதலில் வெளிவந்த அந்தப் புத்தகம் என் வயதுப் பெண்கள் பலருக்குச் சீரோடு சீராக வந்தது. அதை வைத்துக்கொண்டு தஞ்சாவூரைத் தில்லியில் அப்படியே நடத்திவிடலாம் என்று நினைத்தேன். நடத்தவும் செய்தேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டில் ஒரு பஞ்சாபி அம்மாள் இருந்தார். 1947-இல் லயால்பூரிலிருந்து கட்டிய துணியோடு வந்த குடும்பம். எல்லோருக்கும் அவர் மாஜி. குளிர்காலம் வந்துவிட்டால் வாரம் ஒரு முறை பித்தளைக் கிண்ணத்தில் 'ஸர்ஸோன் கா ஸாக்' கொண்டுவந்து கொடுப்பார். மேலே நெல்லிக்காய் அளவு வெண்ணெய், துணியில் சுற்றிய மக்காச்சோள ரொட்டி இரண்டு. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். கதவைச் சாத்தியதும் வேலைக்காரியைக் கூப்பிட்டு அவள் டப்பாவில் போட்டுவிடுவேன். எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு கூடாது. வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். முறுக்கோ எலுமிச்சம்பழ சாதமோ வைத்து, "ரொம்ப நன்றாக இருந்தது மாஜி" என்று ஒரு பொய்யும் சேர்த்துக் கொடுப்பேன். மூன்று குளிர்காலம் இப்படிப் போயிற்று.

நான்காவது வருஷம் ஒருநாள், வேலைக்காரி படிக்கட்டில் உட்கார்ந்து அந்தக் கீரையைச் சாப்பிடுவதை மாஜி பார்த்துவிட்டார். ஒன்றுமே கேட்கவில்லை. நான்தான் ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருந்தேன். வழக்கமான நாளில் கதவு தட்டும் சத்தம். அதே கிண்ணம். வாசலில் நின்றபடியே சொன்னார்: "பேட்டி, இதில் பூண்டு போடவில்லை, வெங்காயமும் இல்லை. இஞ்சி மட்டும்தான்."

அன்று சாப்பிட்டேன். கடுகுக் கீரையோடு பதுவா, பாலக் இரண்டையும் கொஞ்சம் சேர்த்து, சின்னத் தீயில் மணிக்கணக்காக வேகவிட்டு, மர மத்தால் கடைந்து, மக்காச்சோள மாவு தூவிச் சேர்ந்தாற்போல் வரும்வரை வைத்து இறக்குகிறார்கள். கடைந்து என்றதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் கீரை மசியல்தான். கடுகுக் கீரையின் காரமும் லேசான கசப்பும் மட்டும் புதிது. மறுநாள் எங்கள் கீரை மத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் காட்டினேன். மாஜி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லயால்பூர் வீட்டில் விட்டுவிட்டு வந்ததும் இதே மாதிரிதான், பிடி இன்னும் கொஞ்சம் நீளம் என்றார்.

நான் சமையலைப் பற்றி எழுத ஆரம்பித்ததற்கு அந்தக் கிண்ணம்தான் காரணம். ஆனாலும் முழுதாகக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் காலிஃப்ளவர், காரட், டர்னிப் மூன்றையும் போட்டு, கடுகு, வெல்லம், வினிகர் சேர்த்து மாஜி ஒரு ஊறுகாய் போடுவார். பிறகு கேட்டுக்கொள்ளலாம், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அளவு எழுதி வாங்காமல் விட்டேன். 1986-இல் பிள்ளையோடு லூதியானாவுக்குப் போனவர் அங்கேயே காலமானார். அதே ஊறுகாய் என்று சொல்லிப் பல வீடுகளில் கொடுத்திருக்கிறார்கள். நானும் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். மாஜியுடையது வரவில்லை.

நாற்பது, ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறோம். நம்மை யாராவது 'மதராஸி' என்றால் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடிகன் வித்தியாசம் தெரியவில்லை, நாம் இட்லி தோசையிலேயே உயிர் வாழ்கிறோம் என்று நினைக்கிறார்கள் என்று பொருமுகிறோம். நியாயமான கோபம்தான். ஆனால் 'வடக்கத்திச் சாப்பாடு' என்று நாம் சொல்லும்போது என்ன நினைத்துக்கொண்டு சொல்கிறோம்? ரொட்டி, உருளைக்கிழங்கு, பனீர். பீகார்க்காரர் வெயில் காலத்தில் சத்து மாவைத் தண்ணீரில் கரைத்து உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் குடிப்பதும், ராஜஸ்தான்காரர் பாலைவனத்தில் காய்க்கும் கேர், சாங்ரியை நாம் சுண்டைக்காய், மணத்தக்காளியை வைத்துக்கொள்வது போலக் காயவைத்து வருஷம் முழுக்கப் பயன்படுத்துவதும் அந்த ஒரே வார்த்தைக்குள் போய்விடுகின்றன. மதராஸி என்று சொல்பவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று சில சமயம் எனக்குத் தோன்றுகிறது.

முதல் எல்.டி.சி.யில் நாங்கள் சிம்லா போனோம். ஒரு சம்புடம் புளிக்காய்ச்சல், ஒரு சம்புடம் பருப்புப் பொடி, ஒரு பம்ப் ஸ்டவ். விடுதிக்காரருக்குத் தெரியாமல் குளியலறையில் ஸ்டவ் மூட்டி சாதம் வடித்தேன். மலையில் சாதம் வேகவே மாட்டேன் என்றது. நாலு நாளில் நான் பார்த்த சிம்லாவைவிட அந்தக் குளியலறைச் சுவரைப் பார்த்ததுதான் அதிகம்.

மாஜிக்குப் பிறகு போன பயணங்களில் ஸ்டவ் வரவில்லை. அதே ஹிமாசலத்தில், காங்டா பக்கம் ஒரு கல்யாணத்தில் 'தாம்' சாப்பிட்டேன். எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார, தைத்த இலையில் பரிமாறுகிறார்கள். 'போட்டி' என்று சொல்லப்படும் பரம்பரைப் பிராமணச் சமையல்காரர்கள் பித்தளைப் பாத்திரங்களில் சமைக்கிறார்கள். வழக்கமாக வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. கொண்டைக்கடலையைத் தயிரில் கொதிக்க வைத்த 'மத்ரா' இலையில் விழுந்ததும் என் வீட்டுக்காரர், "மோர்க்குழம்புக்கு நெய் விட்டுட்டாங்க போலிருக்கே" என்றார். பந்தி விசாரிக்க ஒரு மாமா வராததுதான் குறை. நினைத்தேன், வந்துவிட்டார்.

கல்கத்தாவில் சாப்பாட்டைக் கசப்பில் தொடங்குகிறார்கள். பாகற்காய் சேர்த்த 'சுக்தோ'தான் முதலில். வாழைப்பூவும் வாழைத்தண்டும் நமக்கு மட்டுமே தெரியும் என்று இருந்த எனக்கு, அங்கே ஒரு வீட்டில் தண்டை நறுக்கி நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுப்பதைப் பார்த்தபோது அம்மா ஞாபகம் வந்துவிட்டது. காஷ்மீரப் பண்டிதர்கள் சோம்பு, சுக்குப் பொடி, பெருங்காயம் போட்டுத் தயிரில் சமைக்கும் 'நத்ரு' வேறொன்றும் இல்லை. நாம் வற்றல் போடும் தாமரைத் தண்டுதான். அஸ்ஸாமில் வாழைப்பழத் தோலைக் காயவைத்துச் சுட்டு, அந்தச் சாம்பலில் தண்ணீர் விட்டு வடித்து, அதைக் கொண்டே 'கார்' என்று ஒரு பதார்த்தம் செய்கிறார்கள். பெயரைக் கேட்டுக் காரமாக இருக்கும் என்று ஏமாந்தேன்.

இப்படியெல்லாம் ஊரார் சாப்பாட்டின் பின்னால் போனால் நம் சமையல் என்ன ஆவது என்று ஒரு பெரியவர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் பொய்யில்லை. பேரக் குழந்தைகளுக்கு வற்றல் குழம்பு பிடிக்கவில்லை என்றால் எனக்கும் மனசு கஷ்டப்படும். ஆனால் நம் சமையல் எப்போது கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது? 1498-இல் போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் மிளகாய் இங்கே வந்தது. அதுவரை காரத்துக்கு மிளகுதான். தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. எண்ணெய் வித்துகளில் ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி கே.டி. அச்சயா 1994-இல் இந்திய உணவின் வரலாறு பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார். இட்லியை ஆவியில் வேகவைக்கும் முறையே இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். அந்தப் பெரியவர் எழுந்து போய்விட்டார். ஊகம்தான், ருசுவாகவில்லை என்று நான் சொன்னதைக் கேட்க அவர் அங்கே இல்லை.

காசிக்கு வருகிறேன். 1978-இல் மாமியாரோடு முதல் தடவை போனபோது, கடை கடையாகக் 'காசி அல்வா' கேட்டேன். நம் கல்யாணங்களில் வெள்ளைப் பூசணிக்காயில் செய்வார்களே, அதுதான். ஒரு கடைக்காரருக்கும் புரியவில்லை. ஒருவர் மட்டும் யோசித்துவிட்டு, அதே பூசணிக்காயில் செய்யும் பேட்டாவை நீட்டி, இது ஆக்ராவில்தான் விசேஷம் அம்மா என்றார். காசிக்குப் போய்க் காசி அல்வாவைத் தேடி, ஆக்ரா மிட்டாயோடு திரும்பினேன்.

காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்றும் பழம் ஒன்றும் விட்டுவிட வேண்டும் என்பது நம் வழக்கம். மாமியார் விட்டவை பாகற்காயும் அத்திப்பழமும். இரண்டையும் அவர் அதற்கு முன்பும் தொட்டதில்லை என்பது குடும்ப ரகசியம். நான் சத்தியசந்தையாகக் கத்தரிக்காயை விட்டேன். கங்கைக்கு அக்கரையில் ராம்நகரில் பந்து போலப் பெரிய கத்தரிக்காய் விளைகிறது, அதைச் சுட்டுப் பிசைந்து செய்யும் சோக்காவை லிட்டியோடு சாப்பிட வேண்டும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சமையல் டப்பா கையில் இருந்ததால் நானும் விசாரிக்கவில்லை. 2023-இல் அந்தக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று படித்தபோது எனக்கு ஏற்பட்டதை ஆற்றாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். தை மாதம் காசிக்குப் போக நல்ல காலம். அவலை நெய்யில் புரட்டிப் பச்சைப் பட்டாணி சேர்த்து 'சூடா மட்டர்' செய்வது அப்போதுதான். காய்ச்சிய பாலை இரவெல்லாம் பனியில் வைத்து, விடியற்காலையில் கடைந்து, அந்த நுரையைக் குங்குமப்பூ மணத்தோடு மண் குவளையில் தரும் 'மலையோ'வும் குளிர்காலத்தில் மட்டுமே. அனுமான் காட் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். 1898 முதல் 1902 வரை பாரதியார் அங்கேதான் இருந்தார். இந்தி கற்றார், சமஸ்கிருதம் கற்றார். மீசையும் தலைப்பாகையும்கூட அங்கே வந்தவைதான் என்பார்கள். கச்சோடி சாப்பிட்டாரா என்பதைப் பற்றித்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

செயற்குழுவுக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, காலை ஆகாரத்தையாவது காசிக்கு விட்டுவிடுங்கள். இரண்டு, இந்தப் பத்திரிகையில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்து வீட்டு வங்காளியிடம், மாடி வீட்டுப் பஞ்சாபியிடம், ஆபீஸில் கூட வேலை பார்த்த பீகாரியிடம் நீங்கள் கற்றுக்கொண்ட ஒரு பதார்த்தத்தை அளவோடு எழுதி அனுப்புங்கள். கற்றுக்கொடுத்தவர் இன்னும் இருக்கிறார் என்றால் இந்த வாரமே போய் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

யாத்திரைக்கு நானும் பெயர் கொடுத்துவிட்டேன். காலை ஆறரை மணிக்கு விடுதி வாசலில் நிற்பேன். வெயில் ஏறினால் மலையோ நிற்காது. வருகிறவர்கள் வரலாம். சமையல்காரரையும் கூப்பிட்டிருக்கிறேன். பாவம், மூன்று தடவை காசிக்குப் போயும் அடுப்படியை விட்டு வெளியே வர நேரம் இருந்ததில்லையாம்.