"இந்த முறை இவர்தான்": ஆரூடங்களுக்கு நாம் கொடுத்த விலை

தேர்தல் ஒன்று நெருங்கினால் நம் ஊர்களில் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் வட்ஸ்அப் குழுமங்களிலும் ஒரே பேச்சுத்தான். "இந்த முறை இவர்தான்" என்பார்கள். எந்த மாவட்டம் யாருக்கு, எத்தனை வாக்கு வித்தியாசம் என்பது வரை கணக்குத் தயாராக இருக்கும். முடிவு வந்ததும், பிழைத்துப்போன கணக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்த தேர்தலுக்கும் அதே ஆட்கள் அதே உறுதியோடு வந்து நிற்பார்கள்.

வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்றால் விட்டுவிடலாம். ஆனால் சிறுபான்மைச் சமூகங்களின் அரசியல் முடிவுகள் பலவும் இந்த ஆரூடங்களின் மேல்தான் கட்டப்படுகின்றன. யார் நியாயமாக நடப்பார் என்ற கேள்வி பின்னுக்குப் போய், யார் வெல்வார் என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிடுகிறது. கடந்த பத்தாண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் இதன் விலை புரியும்.

2014 நவம்பரில் மஹிந்த ராஜபக்ஷ, பதவிக்காலம் முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே ஜனாதிபதித் தேர்தலை அறிவித்தார். யுத்தத்தை முடித்த தலைவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. எதிரணி சிதறிக் கிடந்தது. அவருடைய ஆஸ்தான ஜோதிடர் சுமணதாச அபேகுணவர்தனவும் வெற்றி உறுதி என்றார். அறிவிப்பு வந்த மறுநாளே அவரது கட்சியின் பொதுச் செயலாளர் மைத்திரிபால சிறிசேன எதிரணியின் வேட்பாளராக வெளியே வந்தார். 2015 ஜனவரி 8ஆம் திகதி மஹிந்த தோற்றார்.

ஜோதிடரைப் பார்த்துச் சிரிப்பது நமக்கு எளிது. மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்பது நமது நம்பிக்கை. நாளை ஒன்றைச் செய்வேன் என்று சொல்லும்போதுகூட 'இன்ஷா அல்லாஹ்' சேர்க்கும்படி அல்குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயம் கற்பிக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை நாவில் வைத்துக்கொண்டே, ஜோதிடரின் வேலையை அரசியல் ஆய்வு என்ற பெயரில் நாமும் செய்துவருகிறோம்.

2019இல் கோட்டாபய ராஜபக்ஷ 52.25 வீத வாக்குகளுடன் வென்றார். 2020 ஓகஸ்டில் அவரது பொதுஜன பெரமுனவுக்கு 145 ஆசனங்கள் கிடைத்தன. இனி இருபது வருடங்களுக்கு இவர்களை அசைக்க முடியாது என்ற பேச்சு அப்போது எங்கும் கேட்டது. அந்த ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பெருக்கும் அந்தத் திருத்தத்துக்கு, எதிரணியிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் மலையகத் தமிழ் உறுப்பினர் ஒருவரும் கை உயர்த்தினர். கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. கை உயர்த்தியதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் நீண்ட காலம் இருக்கப்போகும் ஆட்சியைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற கணக்கை நம் ஊர்களில் நியாயமாக ஏற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

ஜனாஸா அடக்கத்துக்கு அனுமதி 2021 பெப்ரவரி இறுதியில்தான் வந்தது. அசைக்க முடியாது என்று சொல்லப்பட்ட ஜனாதிபதி 2022 ஜூலை 13ஆம் திகதி நாட்டை விட்டு வெளியேறினார். இருபது வருடக் கணக்கு இரண்டரை வருடத்தில் முடிந்தது. அவருடைய இடத்துக்கு வந்தவர் யார்? 2020 தேர்தலில் மாவட்டங்களில் ஓர் ஆசனமும் பெறாமல், தேசியப்பட்டியலில் ஒன்றே ஒன்று பெற்ற கட்சியின் தலைவர் ரணில் விக்கிரமசிங்க. 2020இல் இதை எதிர்வுகூறியிருந்தால் அந்த ஆளை நாம் கடையிலிருந்தே துரத்தியிருப்போம்.

நமது நுவரெலியா மாவட்டமும் ஒரு பாடம் தந்தது. தொழிற்சங்கத் தலைவர்கள் கைகாட்டும் பக்கமே தோட்ட வாக்கு விழும் என்பது இங்கே பழைய வாய்ப்பாடு. 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல் அதை உறுதிப்படுத்தியது போலவே இருந்தது. இந்த மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலிடம், ரணில் இரண்டாமிடம், நாட்டை வென்ற அநுர குமார திசாநாயக்க மூன்றாமிடம். 54 நாட்கள் கழித்து நடந்த பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி இங்குள்ள எட்டு ஆசனங்களில் ஐந்தை எடுத்தது. விகிதாசார முறையில் தனியொரு கட்சி மூன்றில் இரண்டு பெறவே முடியாது என்ற வாய்ப்பாடும் அன்றே உடைந்தது. 2020இல் மூன்று ஆசனம் பெற்ற அணிக்கு 159 கிடைத்தது.

உடனே அடுத்த ஆரூடம் பிறந்தது: இனி எதிர்க்கட்சியே கிடையாது, சிறுபான்மைக் கட்சிகளின் கதை முடிந்தது. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் அதே தேசிய மக்கள் சக்தியின் வாக்கு 61.56 வீதத்திலிருந்து 43.26 வீதமாகக் குறைந்தது. பெரும்பாலான சபைகளில் அவர்களே முதலிடம் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்பவர் குறைவு.

இது நமக்கு மட்டும் வந்த நோயல்ல. 2024இல் இந்தியாவின் கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் பல, பா.ஜ.க. கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன, கிடைத்தது 293. பிலிப் டெட்லொக் என்ற ஆய்வாளர் 284 நிபுணர்களின் அரசியல் கணிப்புகளைச் சுமார் இருபது ஆண்டுகள் சேகரித்துச் சரிபார்த்தார். அதிகம் புகழ்பெற்றவர்களே அதிகம் பிழைவிட்டார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. காரணம் விளங்காததல்ல. "இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம்" என்பவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை.

அப்படியானால் அரசியலே பேசக் கூடாதா? பேச வேண்டும். கினிகத்தேனையும் வட்டவளையும் இலங்கையில் அதிக மழை பெறும் இடங்கள். நாளை எத்தனை மணிக்கு மழை என்று இங்கே யாரும் சத்தியம் செய்வதில்லை. ஆனால் குடையில்லாமல் யாரும் வெளியே இறங்குவதுமில்லை. பணிவு என்பது இவ்வளவுதான். எது நடக்கும் என்று தெரியாதபோது, எது நடந்தாலும் தாங்கும்படி ஆயத்தமாக இருப்பது.

அரசியலில் அந்தக் குடை எது? முதலாவது, ஒரே தரப்பிடம் முழுச் சமூகத்தையும் அடகு வைக்காமல் எல்லாத் தரப்போடும் பேசும் வழியைத் திறந்து வைத்திருப்பது. இரண்டாவது, யார் வென்றாலும் மாறாத கோரிக்கைகளை எழுத்தில் வைத்திருப்பது: பாடசாலைக்கு ஆசிரியர், காணி உரிமை, மத உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு. மூன்றாவது, நமக்கு வழிகாட்டும் அரசியல்வாதியும் ஆய்வாளரும் சென்ற முறை என்ன சொன்னார்கள் என்பதை மறக்காமல் இருப்பது. மாணவனின் விடைத்தாளைத் திருத்தாமல் அடுத்த வகுப்புக்கு அனுப்புவதில்லையே. ஆரூடம் சொல்பவரை மட்டும் ஏன் அப்படி அனுப்புகிறோம்?

மலையகத்தின் சிறு நகரங்களில் நாம் எண்ணிக்கையில் மிகக் குறைந்தவர்கள். எவர் வென்றாலும் மறுநாள் காலையில் சிங்கள அயலவருக்கும் தோட்டத்துத் தமிழ் அயலவருக்கும் நடுவில்தான் நமது கடைகள் திறக்க வேண்டும், நமது பிள்ளைகள் பாடசாலைக்குப் போக வேண்டும். மாகாண சபைத் தேர்தல் எப்போது நடந்தாலும், "யார் வெல்வார்?" என்று கேட்பவரிடம் "அல்லாஹு அஃலம்" என்று சொல்லிவிட்டு, "அவர் நமக்கும் அயலவருக்கும் என்ன செய்வதாகச் சொல்கிறார்?" என்று திருப்பிக் கேட்போம்.